அரியலூர், பெரம்பலூர் பக்கம் கிடைக்கிற கடல் ஃபாசில்: என்னன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஓடை மண்ணுல சுருண்ட கல்லு கிடந்துச்சு, குவாரி ஓரத்துல சிப்பி ஒட்டின கல்லு கிடைச்சுது, இது என்ன சார்னு கேக்குறவங்களுக்காக எழுதினது இது. ஜியாலஜி படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல. முதுகெலும்பு இல்லாத கடல் பிராணிங்க மட்டும்தான் இங்க வரும், அம்மோனைட் (கணவாய் மீனுக்கு தூரத்து சொந்தம், சுருண்ட ஓட்டுக்குள்ள இருந்து அழிஞ்சு போன பிராணி), பெலம்னைட், சிப்பி, நத்தை, கடல் முள்ளெலி, பவளம் இதெல்லாம். டைனோசர் பத்தி ஒரே ஒரு கேள்வி இருக்கு, அதுவும் ஆசைப்பட்டு கேக்குறவங்க நிறைய பேர் இருக்கறதால.

கடல் இங்கேர்ந்து எவ்வளவோ தூரம், இங்க எப்படி சிப்பி?

இந்தியா அண்டார்டிகா, ஆஸ்திரேலியா பக்கத்துலேர்ந்து பிரிஞ்சு வந்தப்ப கிழக்கு ஓரம் பூரா கீழ இறங்கிடுச்சு, அப்படி உண்டானதுதான் காவிரிப் படுகை. கிரிட்டேசியஸ் காலத்துல, அதாவது சுமாரா 11 கோடி வருஷத்துக்கு முன்னாடிலேர்ந்து 6.6 கோடி வரைக்கும், கடல் உள்ள வர்றதும் பின்வாங்கறதுமா இருந்துச்சு, ஒவ்வொரு தடவையும் ஒரு அடுக்கு சேறு, மணல், சுண்ணாம்புனு விட்டுட்டு போச்சு. நீங்க எடுக்கறது அந்த அடுக்குல இருந்து மழை அரிச்சு வெளிய தள்ளின சரக்கு.

இது புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. 1840லயே கேய், கன்லிஃப்னு ரெண்டு வெள்ளைக்கார அதிகாரிங்க பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினாங்க, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அதுக்கெல்லாம் பேர் வச்சார். அதுக்கப்புறம் ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியால பிளான்ஃபோர்ட் வந்து ஊர் ஊரா மேப் போட்டார், அந்த கலெக்‌ஷனை கல்கத்தால உக்காந்து ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காங்கற ஆளு 1860கள்லேர்ந்து 1873 வரைக்கும் ஒவ்வொரு வகையா எழுதி முடிச்சார். அடுத்த வருஷமே, 1874ல, லடாக் மலைல செத்துப் போய்ட்டார், வயசு 36 தான். அவர் போட்ட படங்களை இன்னைக்கும் ஸ்பெஷலிஸ்ட்டுங்க எடுத்து ஒப்பிட்டுப் பாக்குறாங்க.

போட்டோ அனுப்பினா பேர் சொல்லிடுவீங்களா?

முதல்ல எந்த ஊர்ல கிடைச்சதுன்னு சொல்லுங்க. பேர் கண்டுபிடிக்கறதுல பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும், இதை யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, கல்லைப் பாத்த உடனே சொல்லணும்னு எதிர்பாக்குறாங்க.

இங்க அடுக்கெல்லாம் கிழக்கு பக்கமா சாய்ஞ்சு கிடக்கு. அதனால மேற்குலேர்ந்து கிழக்கே போகப் போக வயசு குறையும். பாடாலூர் பக்கத்துலேர்ந்து வந்தா முதல்ல டால்மியாபுரம், ஊட்டத்தூர், காரை: இதுதான் பழசு, 11லேர்ந்து 9 கோடி. அப்புறம் கொளக்காநத்தம், கருடமங்கலம்: 9 கோடியும் அதுக்கு கொஞ்சம் கீழயும். அப்புறம் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில்: கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் சுமாரா 7 கோடி. அதுக்கும் கிழக்கே கல்லமேடு, அது கடல் இல்ல, ஆத்து வண்டல், எலும்பு வர்ற இடம். கடைசியா நின்னியூர், இது டைனோசரும் அம்மோனைட்டும் அழிஞ்சதுக்கு அப்புறம் வந்த கடல்.

இப்ப பாருங்க, "அரியலூர்ல கிடைச்சது"ன்னு மொட்டையா சொன்னா 4 கோடி வருஷத்துல எங்க வேணாலும் இருக்கலாம். காரை ஓடைல கிடைச்சதுன்னு சொன்னா மேட்டர் வேற. ரோட்டோரம் கொட்டி வச்ச ஜல்லில, லாரில வந்த கல்லுல கிடைச்சதுன்னா அதையும் சொல்லுங்க, அந்த கல்லு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாத வரைக்கும் வயசு சொல்றது சும்மா குருட்டாம்போக்குதான்.

துப்பாக்கி தோட்டா மாதிரி ஒரு கல், ஒரு பக்கம் கூரா இருக்கு. காரைல நிறைய கிடக்கு. பல்லா?

பல்லு இல்ல, பெலம்னைட். கணவாய் மீனுக்கு தூரத்து சொந்தம், இந்த தோட்டா அதோட உடம்புக்குள்ள பின்பக்கம் இருந்த கெட்டியான பாகம். உடைஞ்ச முனையை நல்லா பாருங்க, நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா கோடு கோடா இழை ஓடும், கூடவே வட்டம் வட்டமா வளையமும் தெரியும். அது ரெண்டும் இருந்தா வேற யோசிக்கவே வேணாம். சுறாப் பல்லுன்னா வெளிய பளபளன்னு எனாமல் இருக்கும், உள்ள இழை இருக்காது. அகலமான பக்கத்துல சில சமயம் கூம்பு மாதிரி குழி இருக்கும், அதுலதான் அறை அறையா இருந்த பாகம் உக்காந்திருந்துச்சு, அது பெரும்பாலும் உடைஞ்சு போயிருக்கும்.

காரை களிமண்ல வர்றது மெல்லிசான சின்ன சைஸ் தான், விரல் நீளம்கூட இருக்காது. பாராஹிபோலைட்டஸ்ங்கற வகை அங்கேர்ந்து எழுதப்பட்டிருக்கு, ஆனா தேய்ஞ்ச துண்டை வச்சு அந்த பேரை எழுதி ஒட்டாதீங்க, பெலம்னைட்னு மட்டும் எழுதினா போதும்.

இதுக்கு ஒரு மரியாதை இருக்கு, அதையும் சொல்லிடறேன். பழைய கடல் எவ்வளவு சூடா இருந்துச்சுன்னு ஆக்சிஜன் ஐசோடோப் (கனம் மட்டும் வேறபடற ஆக்சிஜன் அணுக்கள்) வச்சு கணக்கு போடற முறை இருக்குல்ல, அதை ஹெரால்ட் யூரியோட டீம் 1951ல ஒரு பெலம்னைட்ல தான் செஞ்சு காட்டினாங்க, வளையம் வளையமா சுரண்டி எடுத்து அந்த பிராணி எத்தனை குளிர்காலம், எத்தனை கோடைகாலம் பாத்துச்சுன்னே சொன்னாங்க. நம்ம ஊர்ல அதே ஐட்டம் ஆட்டு மந்தை மிதிச்சுட்டு போற பாதைல கிடக்கு.

சுருண்டு இருக்கு. அம்மோனைட்டா, நத்தையா, நாட்டிலஸா?

இந்த கேள்விதான் அதிகமா வருது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். நாட்டிலஸ்னா அம்மோனைட்டுக்கு சொந்தமான, இன்னைக்கும் கடல்ல உயிரோட இருக்கற சுருண்ட ஓட்டுப் பிராணி.

மேசைல படுக்க வைங்க. சுருள் எல்லாம் ஒரே மட்டத்துல, ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா அம்மோனைட் இல்லன்னா நாட்டிலஸ். ஒரு பக்கம் மட்டும் கோபுரமா தூக்கி நின்னா நத்தை. இது முதல் சல்லடை, பத்துக்கு ஒம்போது கேஸ் இதுலயே தீர்ந்திடும்.

அடுத்தது கோடு. அம்மோனைட் ஓட்டுக்குள்ள அறை அறையா தடுப்பு இருக்கும், அந்த தடுப்பு ஓட்டோட சேர்ற இடத்துல ஒரு கோடு விழும், அம்மோனைட்ல அது பயங்கரமா நெளிஞ்சு, கிளை விட்டு கிளை விட்டு போகும். நாட்டிலஸ்ல அதே கோடு சாதாரண வளைவு தான். ஆனா ஒரு விஷயம் கவனிக்கணும், இந்த கோடு ஓட்டு மேல தெரியாது, ஓடு போய் உள்ள நிரம்பின சேறு கல்லான அச்சு மட்டும் இருந்தாதான் தெரியும். ஓடு இன்னும் ஒட்டிட்டு இருந்தா கோடு இல்லையேன்னு கவலைப்படாதீங்க. அதே மாதிரி வாய்ப்பக்கம் இருக்கற கடைசி அறைலதான் பிராணி குடியிருந்துச்சு, அங்க தடுப்பே கிடையாது, கோடும் இருக்காது. நிறைய பேர்கிட்ட இருக்கறது அந்த கடைசி அறையோட துண்டு மட்டும்தான், வெறும் வரி வரியா ஒரு வளைஞ்ச கல்லு.

இன்னொரு அடையாளம், உள்ள ஓடற குழாய். உடைஞ்ச முகத்துல சின்ன வட்டமா தெரியும். அம்மோனைட்ல வெளி விளிம்பை ஒட்டியே ஓடும், நாட்டிலஸ்ல நடுவுல இல்லன்னா நடுவுக்கு பக்கமா போகும். லென்ஸ் இருந்தா பாருங்க.

நின்னியூர் பக்கம் சுருண்டது கிடைச்சா அம்மோனைட்னு எழுதறதுக்கு முன்னாடி நிறுத்துங்க, அந்த அடுக்கு வந்தப்ப அம்மோனைட் எல்லாம் போயாச்சு. அங்க வர்றது ஹெர்கோக்ளாஸாங்கற நாட்டிலஸ் சொந்தக்காரன், இதுல கோடு மத்த நாட்டிலஸைவிட நல்லாவே வளையும், ஆனா அம்மோனைட் அளவுக்கு கிளை விடாது.

கோபுரம் மாதிரி சுத்தியிருக்கு, ஆனா நத்தைல பாக்காத முண்டு முண்டா இருக்கு?

அப்ப அது டுரிலைட்டஸா இருக்க சான்ஸ் இருக்கு, அம்மோனைட்லயே நத்தை மாதிரி சுத்தின கோஷ்டி, ஊட்டத்தூர், காரை அடுக்குல வரும். முனையை மேல வச்சு வாய் உங்களைப் பாக்கற மாதிரி பிடிங்க. சாதாரண நத்தைக்கு வாய் வலது கை பக்கம் வரும். டுரிலைட்டஸ்ல பெரும்பாலும் இடது பக்கம் வரும், வலம்புரிச் சங்குல வர்ற மாதிரியே. உடைஞ்ச இடத்துல நெளிஞ்ச கோடு தெரிஞ்சா கன்ஃபர்ம்.

சுருளே இல்லாம நேரா நீட்டமா, குறுக்குவெட்டு முட்டை வடிவத்துல, பக்கவாட்டுல அதே நெளிஞ்ச கோட்டோட இருந்தா பாகுலைட்டஸ் கோஷ்டி. பாண்டிச்சேரி பக்கம் கிடைச்சதுக்கு ஃபோர்ப்ஸ் வச்ச ஒரு பேர் இன்னும் புழக்கத்துல இருக்கு, இப்ப யூபாகுலைட்டஸ் வஜைனான்னு சொல்றாங்க. இதை பெலம்னைட்டோட குழப்பிக்காதீங்க, பெலம்னைட்ல பக்கவாட்டுல கோடே இருக்காது.

குன்னம் பக்கம் டைனோசர் முட்டை கிடைச்சதா சொன்னாங்களே, என்கிட்டயும் உருண்டையா ஒண்ணு இருக்கு?

2020ல குன்னம் பக்கம் குளம் தோண்டினப்ப உருண்டை உருண்டையா கல்லு வந்து டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப் பூரா பரவிச்சு. ஆள் வந்து பாத்ததுல அது முட்டை இல்ல, அம்மோனைட்டை சுத்தி சேறு கெட்டியாகி உருண்ட கல்லு. கான்க்ரீஷன்னு சொல்வாங்க. செத்த பிராணி அழுகறப்ப சுத்தி இருக்கற சேத்துல சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியாகும், அதனால உருண்டைக்கு நடுவுல சில சமயம் நிஜமாவே அம்மோனைட் இருக்கும், பல சமயம் ஒண்ணுமே இருக்காது.

முட்டைன்னா வெளிய மெல்லிசா தனியா ஒரு ஓடு இருக்கணும், உடைஞ்ச விளிம்புல அந்த ஓடு வேற லேயரா தெரியணும், லென்ஸ்ல பாத்தா துளை தெரியணும். உள்ளயும் வெளியயும் ஒரே கல்லா இருந்தா முட்டை இல்ல. அதுவும் போக, அது வந்த அடுக்கு கடல் சேறு. கடல் நடுவுல டைனோசர் எதுக்கு முட்டை போடப் போகுது.

சுத்தியலால உடைச்சுப் பாக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அம்மோனைட்டோட வரி ஓரத்துல எட்டிப் பாத்தா உடைக்கவே வேணாம்.

சிப்பி மாதிரி இருக்கு, ரெண்டு ஓடும் மூடியிருக்கு. சிப்பியா, பிராக்கியோபாடா?

பிராக்கியோபாட்ங்கறது சிப்பி மாதிரியே ரெண்டு ஓடு இருக்கற, ஆனா சிப்பி இனமே இல்லாத வேற கடல் பிராணி. நடுக்கோடு எங்க விழுதுன்னு பாருங்க. ஒரு பக்க ஓடு மட்டும் எடுத்து நடுவுல மேலேர்ந்து கீழ கோடு போட்டா இடமும் வலமும் அப்படியே ஒண்ணா வந்தா பிராக்கியோபாட். ஒண்ணா வராம ஒரு பக்கம் சாய்ஞ்சு, ஆனா ரெண்டு ஓடும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பமா இருந்தா சிப்பி. பிராக்கியோபாட்ல ஒரு ஓடு பெருசு, ஒண்ணு சின்னது, பெரிய ஓட்டோட மூக்குல பல வகைல ஒரு துளை இருக்கும், அது வழியா தண்டு விட்டு பாறைல ஒட்டிக்கும். கல்லங்குறிச்சி சுண்ணாம்புல ரெண்டும் கலந்தே வரும்.

ஆனா ஆய்ஸ்டர்னு சொல்ற பாறைச் சிப்பிக்கு இந்த ரூல் செல்லாது, அது எது மேல ஒட்டுதோ அந்த ஷேப்புக்கு வளரும். கல்லங்குறிச்சில குவியல் குவியலா கிடக்கறது பெரும்பாலும் இதுதான்: கீழ் ஓடு கனமா குழிவா வளைஞ்சு, மேல் ஓடு தட்டையா மூடி போட்ட மாதிரி இருந்தா கிரைஃபியா, இப்ப பிக்னோடோன்டேன்னு சொல்றாங்க. விளிம்பு ரம்பப் பல்லு மாதிரி மேலயும் கீழயும் மடிஞ்சு மடிஞ்சு போனா அலெக்ட்ரியோனியா வகை. இதைப் பாத்துட்டு ஏதோ தாடை எலும்புன்னு நினைச்சவங்க உண்டு.

கருடமங்கலம் கல்லு தனி ரகம். சிப்பியும் நத்தையும் அடைச்சு வச்ச சுண்ணாம்புக்கல், பாலிஷ் போட்டா அவ்வளவு அழகு, வெள்ளைக்காரன் காலத்துல திருச்சினாப்பள்ளி மார்பிள்னு மேசைப் பலகைக்கெல்லாம் அறுத்தாங்க. அதுல ஓடே கரையாம முத்து பளபளப்போட வர்றதும் உண்டு. அங்க ட்ரைகோனியா சொந்தத்துல முக்கோணமா, மேல முரட்டு வரியோட சிப்பி வரும், அந்தக் குடும்பத்துல இன்னைக்கு உயிரோட இருக்கறது ஆஸ்திரேலியா கடல்ல மட்டும்தான்.

சிலதுல ஓடு இருக்கு, சிலதுல வெறும் கல்லு அச்சு மட்டும். ஏன்?

ஓடு எதால ஆனதுங்கறதைப் பொறுத்து. பாறைச் சிப்பி, பெலம்னைட், பிராக்கியோபாட், கடல் முள்ளெலி இதெல்லாம் கால்சைட், கோடிக்கணக்கான வருஷம் தாங்கும். அம்மோனைட், நத்தை, மத்த பல சிப்பி ஓடு அரகோனைட், அதுவும் அதே கால்சியம் கார்பனேட்தான் ஆனா நிலத்தடி தண்ணி பட்டா சீக்கிரம் கரைஞ்சிடும். ஓடு கரைஞ்சு போய் உள்ள நிரம்பின சேறு மட்டும் மிஞ்சும். இதனாலதான் ஒரே இடத்துல ஆய்ஸ்டர் அப்படியே இருக்கு, பக்கத்துல நத்தை மட்டும் மொழுக்குனு ஸ்க்ரூ மாதிரி அச்சா கிடக்கு. இந்த அச்சை வச்சு நத்தைக்கு இனப் பேர் சொல்றது ரொம்ப கஷ்டம், ஏன்னா பேர் எல்லாம் ஓட்டு மேல இருக்கற வேலைப்பாட்டை வச்சுதான் கொடுத்திருக்காங்க.

இழை இழையா உடையற தடிமனான தகடு கிடைச்சுது, ஜிப்சமா?

நகத்தால கீறிப் பாருங்க. கோடு விழுந்தா ஜிப்சம். காரைல களிமண் வெடிப்புல எல்லாம் ஜிப்சம் தகடு தகடா கண்ணாடி மாதிரி மின்னும், அதை அந்த காலத்துலேர்ந்து எடுத்து சிமெண்டுக்கு அனுப்பறாங்க.

நகத்துக்கு மசியலைன்னா இனோசெராமஸ்ங்கற சிப்பியோட ஓடா இருக்கும். அந்த ஓடு குறுக்க நெருக்கி அடுக்கின ஊசி ஊசியான கால்சைட் பட்டகங்களால ஆனது, உடையறப்ப நெட்டுக்குத்தா பிரியும். இது ரொம்ப பெருசா வளர்ற சிப்பி, அதனால முழுசா கிடைக்கறது அபூர்வம், துண்டுதான். முழுசா இருந்தா மேல அலை அலையா வளைய வரி இருக்கும். ஒரு சொட்டு எலுமிச்சை சாறு இல்ல வினிகர் துண்டோட ஓரத்துல விட்டா கால்சைட் லேசா நுரைக்கும், ஜிப்சம் நுரைக்காது. நல்ல பீஸ் மேல இந்த டெஸ்ட் வேணாம்.

மேல அஞ்சு இதழ் பூ வரைஞ்ச மாதிரி இருக்கு. யாராவது செதுக்கினதா?

யாரும் செதுக்கல. கடல் முள்ளெலி, முள்ளெல்லாம் உதிர்ந்து ஓடு மட்டும் மிஞ்சினது. அந்த அஞ்சு இதழும் அது மூச்சு விட்ட, குழாய்க் கால் நீட்டின துளை வரிசை. கல்லங்குறிச்சி பக்கம் ஸ்டிக்மடோபைகஸ் எலேட்டஸ்னு ஒண்ணு பேர் போனது, மேல உயர்ந்து மேடா இருக்கும், ஃபோர்ப்ஸ் பேர் வச்ச ஐட்டத்துல ஒண்ணு.

வட்டமா இருந்து வாய் கீழ நடுவுலயும் பின்துவாரம் மேல நடுவுலயும் இருந்தா ரெகுலர்னு சொல்ற ரகம். நீளமாவோ இதய வடிவமாவோ இருந்து பின்துவாரம் ஓரத்துக்கு நகர்ந்திருந்தா மண்ணுக்குள்ள புதைஞ்சு வாழ்ந்த ரகம். அதனால அடிப்பக்கம் போட்டோ இல்லாம முள்ளெலி அனுப்பினா பிரயோஜனமே இல்ல.

உடைஞ்ச துண்டு மட்டும் இருந்தாலும் இந்த குடும்பத்தைக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு தட்டும் ஒரே கால்சைட் படிகமா இருக்கும், அதனால உடைஞ்ச இடம் தட்டையா பளிச்சுன்னு வெளிச்சம் அடிக்கும். நட்சத்திரம் மாதிரி அஞ்சு முனையோட குட்டி வில்லை கிடைச்சு அதுவும் இப்படி பளிச்சிட்டா, கடல் அல்லியோட (பேர்தான் பூ, முள்ளெலிக்கு சொந்தக்கார பிராணி) தண்டுத் துண்டு.

சின்னதா சுருண்ட குழாய், நத்தைன்னு நினைச்சேன், ஆனா உள்ள அறையும் இல்ல, முனையும் சரியில்ல?

ரோடுலேரியா. புழு கட்டின சுண்ணாம்புக் குழாய். காரைல இதுவும் நிறைய. கடைசி சுத்து சுருளை விட்டு விலகி நேரா நீட்டிட்டு போறது நல்ல அடையாளம். ஆரம்பத்துல பொறுக்குறவங்க பை நிறைய "குட்டி அம்மோனைட்" எடுத்துட்டு வருவாங்க, பாதி இதுவா இருக்கும்.

சல்லடை மாதிரி துளை இருக்கற குச்சி, பவளமா?

துளையோட சைஸைப் பாருங்க. வெறும் கண்ணுக்கு நல்லா தெரியற துளை, அதுக்குள்ள நடுவை நோக்கி தடுப்பு தடுப்பா இருந்தா பவளம், டால்மியாபுரம் பக்க சுண்ணாம்புக்கல்ல வரும். லென்ஸ் வச்சாதான் தெரியற பொடித் துளை, உள்ள தடுப்பு இல்லன்னா பிரையோசோவா (கூட்டமா ஒட்டி வாழற பொடிப் பிராணிங்க கட்டின கூடு), கல்லங்குறிச்சில சிப்பி மேல படர்ந்தும் இருக்கும், குச்சி குச்சியாவும் கிடக்கும்.

மரக்கட்டை ஃபாசில்ல விரல் கனத்துக்கு துளை துளையா இருந்தா அது கப்பல் புழு துளைச்சது, அப்ப அந்த மரம் கடல்ல மிதந்து வந்து மூழ்கினது. புழுன்னு பேரே தவிர அதுவும் சிப்பி இனம்தான்.

வயல்ல உழும்போது வெள்ளையா சிப்பி வந்துச்சு, ஃபாசில் தானே?

கடற்கரைக்கு பக்கத்து ஊர்னா சந்தேகம்தான். சுண்ணாம்பு சுட கொண்டு வந்த கிளிஞ்சல், வீடு கட்ட கொட்டின மணல்ல வந்தது, பழைய உப்பங்கழிச் சிப்பி எல்லாம் நிலத்துல கிடக்கும். லேசா இருக்கு, கலர் இருக்கு, உள்ள வெறும் மண்ணு, தட்டினா உதிருதுன்னா கிட்டத்து காலத்து ஐட்டம். ஃபாசில்னா உள்ள இருக்கறது கல்லு, கையில கனம் தெரியும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கடலுக்கு மேல நிக்கிற பவளப்பாறை சில ஆயிரம் வருஷத்துது, அரியலூர் கணக்குல அது நேத்து வந்தது.

திருவக்கரை கல்மரமும் இந்த கேள்வில அடிக்கடி வரும். அது நில மரம், வயசும் இதைவிட ரொம்ப குறைவு, கடல் ஃபாசில் லிஸ்ட்ல வராது.

சாளக்கிராமமும் அம்மோனைட்டும் ஒண்ணா?

நேபாளத்துல கண்டகி ஆத்துல வர்ற சக்கரம் போட்ட சாளக்கிராமம் அம்மோனைட்தான், இமயமலை தூக்கறதுக்கு முன்னாடி அங்க இருந்த டெதிஸ் கடல்ல வாழ்ந்தது, பெரும்பாலும் ஜுராசிக் காலம், அதனால நம்ம காரை அம்மோனைட்டைவிட மூத்தது. கறுப்பு உருண்டையை உடைச்சா உள்ள சக்கரம் தெரியறது, மேல சொன்ன கான்க்ரீஷன் கதையேதான். வீட்டுல பூஜைல இருக்கறதை தயவு செஞ்சு ஆசிட் டெஸ்ட் பண்ணாதீங்க, பாட்டி விட மாட்டாங்க.

ஆன்லைன்ல வாங்கின அம்மோனைட், ட்ரைலோபைட் நிஜமா?

ரெண்டா அறுத்து பாலிஷ் போட்டு ஜோடியா விக்கிற அம்மோனைட் பெரும்பாலும் மடகாஸ்கர் சரக்கு, நிஜம்தான், பல இடத்துல ஒட்டு வேலை இருக்கும். அந்த காலத்துல மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டி இருந்துச்சு, அதனால அந்த ஊர் அம்மோனைட்டும் நம்ம ஊட்டத்தூர் அம்மோனைட்டும் நிறைய சொந்தம். ட்ரைலோபைட்ங்கறது உடம்பு கணுக்கணுவா இருந்த, அழிஞ்சு போன பழைய கடல் பிராணி. மொராக்கோ ட்ரைலோபைட்ல போலி ஏராளம், ரெசின்ல வார்த்து கல்லுல பதிச்சிருப்பாங்க, லென்ஸ்ல பாத்தா காத்துக் குமிழித் துளை தெரியும். "அரியலூர் ட்ரைலோபைட்"னு யாராவது வித்தா வாங்காதீங்க, ட்ரைலோபைட் அழிஞ்சு 14 கோடி வருஷம் கழிச்சுதான் இங்க கடலே வந்துச்சு.

போட்டோ எப்படி எடுக்கணும்?

பக்கத்துல ஒரு ரூபா காயின் இல்ல ஸ்கேல் வைங்க. கையில பிடிச்சு எடுத்தா விரல் மறைக்குது, சைஸும் தெரியல. ஃப்ளாஷ் வேணாம், காலைலயோ சாயங்காலமோ வெயில் சாய்வா விழறப்ப எடுத்தா வரியெல்லாம் தூக்கிக் காட்டும், உச்சி வெயில்ல எடுத்தா எல்லாம் ஒரே வெள்ளை. மேல, கீழ, பக்கவாட்டு, உடைஞ்ச முகம்னு தனித்தனியா. தண்ணி தடவி எடுத்தா கோடு சில சமயம் நல்லா தெரியும், ஆனா காய்ஞ்சதும் ஒண்ணு வேணும். ஃபில்டர் போட்டு கலர் மாத்தி அனுப்பறவங்களும் இருக்காங்க, அதுக்கு என்ன பதில் சொல்றது.

எப்படி கழுவறது?

காரை களிமண்ணா இருந்தா தண்ணில ஊற வச்சாலே கரைஞ்சு விழும், பழைய டூத் பிரஷ், மூங்கில் குச்சி போதும். ஜிப்சம் ஓடின பீஸை ஊறப் போடாதீங்க, விரிசல் விட்டு பிரிஞ்சிடும். டாய்லெட் கழுவற ஆசிட் போடறது மட்டும் வேணவே வேணாம், ஃபாசிலும் கால்சைட், மேல ஒட்டியிருக்கறதும் கால்சைட், ஆசிடுக்கு எது எதுன்னு தெரியாது, ரெண்டையும் தின்னுடும். வார்னிஷ், தேங்காய் எண்ணெயும் வேணாம். கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சு மேல் வேலைப்பாடே போன பீஸ் எத்தனையோ.

கழுவின மண்ணையும் கொட்டிடாதீங்க. மெல்லிசான சல்லடைல அலசி காய வச்சு லென்ஸ்ல பாத்தா போராமினிபெரா (ஓடு கட்டற ஒரு செல் உயிர்) குட்டி குட்டியா தெரியும். அடுக்கோட வயசை ஸ்பெஷலிஸ்ட்டுங்க துல்லியமா கணக்கு போடறதுல இதுக்கு பெரிய பங்கு இருக்கு.

இனப் பேர் வரைக்கும் வேணும், எப்படி?

பொறுக்குற நமக்கு குடும்பம், அதிகபட்சம் பேரினம் (ரெண்டு வார்த்தைப் பேர்ல முதல் வார்த்தை), அதோட நிறுத்திக்கிட்டா நல்லது. ஸ்டோலிச்கா புத்தகம் ஸ்கேன் பண்ணி இலவசமா இன்டர்நெட்ல இருக்கு, படத்தோட ஒப்பிடலாம், ஆனா அதுல இருக்கற பேரை அப்படியே எழுதினா தப்பாகும். அவர் காலத்துல ஒரே மட்டத்துல சுருண்ட அம்மோனைட்டுக்கு பெரும்பாலும் அம்மோனைட்டஸ்ங்கற ஒரே பேரினம்தான். பின்னால 1890கள்ல ஃப்ரான்ஸ் காஸ்மட்ங்கற ஆளு வந்து திரும்பப் பாத்தார், அதுக்கப்புறமும் மாத்திட்டே இருக்காங்க. உதாரணமா ஸ்டோலிச்கா அம்மோனைட்டஸ் தியோபால்டியானஸ்னு வச்சது இப்ப காஸ்மடிசெராஸ். பழைய பேரை இன்டர்நெட்ல தேடி புதுப் பேரைக் கண்டுபிடிச்சு ரெண்டையும் எழுதி வைங்க. உறுதி இல்லன்னா பேருக்கு பக்கத்துல ஒரு கேள்விக்குறி, அதுல ஒரு வெக்கமும் இல்ல, மியூசியம் லேபிள்லயே இருக்கும்.

லேபிள்ல பேரைவிட முக்கியம்: ஊர், போன்ல எடுத்த ஜிபிஎஸ், தேதி, அடுக்குலேர்ந்து எடுத்ததா இல்ல ஓடைல உருண்டு கிடந்ததா. ஓடைல உருண்டது மேல் அடுக்குலேர்ந்து கூட வந்திருக்கலாம். பேரை பத்து வருஷம் கழிச்சு கூட யாராவது சரி பண்ணிடுவாங்க, இடம் போனா போனதுதான்.

எடுக்கலாமா? போலீஸ் பிடிக்குமா? எங்க காட்டறது?

சாத்தனூர் கல்மரம் தேசிய புவியியல் சின்னம், 1940ல எம்.எஸ். கிருஷ்ணன் கண்டது, 18 மீட்டருக்கு மேல நீளம். அங்க ஒரு துரும்பு எடுக்கக் கூடாது, வேலி போட்ட எந்த இடத்துலயும் அப்படித்தான். பட்டா நிலம்னா சொந்தக்காரர்கிட்ட கேளுங்க. சிமெண்ட் கம்பெனி குவாரிக்குள்ள பர்மிஷன் இல்லாம போகாதீங்க, வெடி வைக்கிற இடம், சுவர் சரியற இடம். ஃபாசில், புவியியல் இடங்களைக் காப்பாத்த தனிச் சட்டம் கொண்டு வர 2022 டிசம்பர்ல மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு வெளியிட்டுச்சு, அதனால இந்த விஷயத்துல லேட்டஸ்ட் நிலவரம் என்னன்னு பாத்துட்டு இறங்குங்க.

பெருசா, முழுசா, அடுக்குலயே பதிஞ்சு ஏதாவது தெரிஞ்சா தோண்டாதீங்க. போட்டோ, ஜிபிஎஸ் எடுத்துட்டு பக்கத்து காலேஜ் ஜியாலஜி டிபார்ட்மென்ட், இல்லன்னா சென்னைல இருக்கற ஜியாலஜிக்கல் சர்வே ஆபீஸ்ல சொல்லுங்க. கிடைச்சதை ஒப்பிட்டுப் பாக்கணும்னா அரியலூர் பக்கம் வாரணவாசில புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கு, அம்மோனைட் வரிசையா வச்சிருக்காங்க, போகும்போது உங்க பீஸோட போட்டோ போன்ல இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்துல சுண்ணாம்புக்கல்லுக்குள்ள சிப்பி இருக்கு, அதுவும் இதே வயசா?

இல்லங்க, அது ரொம்ப இளசு. யாழ்ப்பாணக் குடாநாட்டு சுண்ணாம்புக்கல் மயோசீன் காலம், சுமாரா 2 கோடி வருஷம் பக்கம். சிப்பி, நத்தை, பவளம் வரும், பெரும்பாலும் அச்சாவோ ஓடு கரைஞ்ச வெற்றிடமாவோ. அம்மோனைட்டும் பெலம்னைட்டும் அதுல தேடாதீங்க.

நல்ல அம்மோனைட் ஒண்ணு இருக்கு, எவ்வளவுக்கு போகும்?

விலை சொல்றதில்ல.